விஜயராணி மேஜைக்குப் போன தட்டு

ராஜபாண்டி பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்ததே அந்த வேலைக்குத்தான். அவன் மனைவி விஜயராணி வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தை மாதத்தில் அவனுக்குக் கழுத்து வலி வந்தது. இனிமேல் குனிந்து தைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டரிங் நடத்தும் ஆறுமுகசாமியிடம் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது.

அங்கே ஸ்டோர் ரூம் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவன் வேலை, விருந்துக்கு முன்னால் கொடுக்கிற ஸ்டார்ட்டர் தட்டுகளை அழகு பண்ணுவது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பீட்ரூட் கட்லெட் மேல் கெட்டித் தயிர் ஒரு சொட்டு வைத்து, அதில் மாதுளை முத்து மூன்று பதிப்பான். நாலாவது முத்து வைத்தால் பார்க்கக் கூட்டமாகிவிடும். கோபி சிக்ஸ்டி ஃபைவுக்குப் பொரித்த கறிவேப்பிலை. அதையும் தட்டு கிளம்பும்போதுதான் தூவ வேண்டும், முன்னாலேயே போட்டால் நமத்துப்போகும். குட்டி மெதுவடைக்குத் துருவிய கேரட். இதிலெல்லாம் அவன் மனசு இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று அவனே நினைக்கவில்லை. ஆனாலும் ஆம்பளை கேரட் சீவுகிறான் என்று யாராவது சிரித்தால் விஜயராணி முகம் சுருங்குமே என்று, வாயைத் திறக்காமல் இருந்தான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் ஓடிவிட்டது.

சித்திரையில் விஜயராணியின் முதலாளி மகளுக்குப் பல்லடம் ரோட்டு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார்கள். கேட்டரிங் ஆறுமுகசாமிதான். செக்கிங் பெண்களெல்லாம் ஒரே வேனில் வருவதாக விஜயராணி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் சமையற்கட்டில்தானே இருக்கப்போகிறோம் என்று ராஜபாண்டி தைரியமாக இருந்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறுமுகசாமி வேர்த்து வழிய ஓடி வந்தார்.

"ராஜபாண்டி, பரிமாற வேண்டியவங்க ரெண்டு பேரு வரலீங்க. இந்தத் தட்ட நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. எடப்பக்கம் கம்பெனிக்காரங்க மேஜை."

"வேற யாரையாச்சும் அனுப்புங்கண்ணே. அங்க என் வீட்டுக்காரி இருக்கா."

"அப்ப நல்லதாப் போச்சுங்க, போங்க!" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

ராஜபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினான். கட்லெட் ஒன்றில் முத்து ஒன்று நழுவியிருந்தது. நின்று, அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் போனான்.

பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விஜயராணி, மயில் கழுத்து நிறப் பட்டில், அவனுக்கு முதுகைக் காட்டி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சூப்பர்வைசர் கீதாஞ்சலி தட்டைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

"இருங்கண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். திங்கறதுக்கே மனசு வரமாட்டீங்குது! ஏனுங்ண்ணா, ஆரு பண்ணுனது இத?"

ராஜபாண்டி தட்டை மேஜையில் வைத்தான். "நாந்தாங்க."

குரல் கேட்டு விஜயராணி திரும்பினாள். அவன் போட்டிருந்த வெள்ளை ஏப்ரனையும், பீட்ரூட் சாயம் ஏறிய விரல்களையும், தட்டையும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் விஜயராணி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பிறகு ஒரு கட்லெட்டை எடுத்து, முத்து சிந்தாமல், அவசரமில்லாமல் தின்றாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கிடட்டா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். தட்டு நிமிஷத்தில் காலி.

அவன் சமையற்கட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"மூணு மாசமா இதானா ஸ்டோர் ரூம்?"

"ஒனக்கு வருத்தமா இருக்குமோன்னு நெனச்சேன் விஜயா."

"வருத்தந்தான்" என்றாள். கண் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கீக. எனக்கு ஒரு நாளாச்சும் இப்படி வச்சுக் குடுத்தீகளா? கழுத்து வலியோட மூட்டை தூக்குதீகளோன்னு நான் தெனமும் பயந்துக்கிட்டுல்ல கெடந்தேன்."

அந்தப் பயத்தை அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"தப்புத்தான்" என்றான்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதாக வெளியிலிருந்து குரல் வந்தது. பன்னீர்த் துண்டுகள் செருகிய ஐம்பது குச்சிகள் அலங்காரமில்லாமல் கிடந்தன. விஜயராணி பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

வெள்ளரிக்காயை நாடா போல இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, குச்சி நுனியில் குத்த வேண்டும் என்று காட்டினான். அவன் ஐந்து முடிக்கும்போது அவள் இரண்டு முடித்தாள். அவளுடைய சுருள்கள் ஒன்று பெரிதாக, ஒன்று சாய்ந்து, ஒன்று அவிழ்ந்தே போய் நின்றன. திருத்தலாம் என்று அவன் கை நீண்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த சுருளில் மும்முரமாக இருந்தாள். கையை இழுத்துக்கொண்டு, தட்டை அப்படியே வெளியே அனுப்பினான்.