அப்பாவின் நேர்ச்சையும் அம்மாவின் பட்டினியும்

என் அப்பா பவுல்சாமி பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். வெறும் வயிற்றில் ஓடாதே, தண்ணீர் குடிக்காமல் ஆடாதே என்று மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசில் ஊதிச் சொல்பவர். அவரே வருஷா வருஷம் செப்டம்பரில் சாந்தோமிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போவார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பொழுது சாயும்வரை தண்ணீர் மட்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மாதாவுக்கு நேர்ந்துகொண்டாராம்.

போவது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. வந்த பிறகுதான் கூத்து. பஸ்ஸில் திரும்பி வந்து படுத்தால் பதினைந்து நாள் எழுந்திருக்க மாட்டார். கால் மரத்துப்போகும், பேச்சுக் குழறும், சோற்றைப் பிசைந்தபடியே தூங்குவார். போன வருஷம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார். இந்த வருஷம் கல்யாணம் எனக்கு. செப்டம்பர் பதினொன்று. என் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவர் அவர்தான்.

எனக்குப் பார்த்திருந்த டெரிக் தபால் இலாகா அணியில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்கு வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். பசி வந்த பிறகு சாப்பிட்டால் உடம்பு கேட்காது, அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வேண்டும், இறங்கிய உடனே ஒரு சாப்பாடு வேண்டும், ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். டெரிக் தெரு முனை தாண்டியதும், "மாதாகிட்ட சொன்னதை மாத்த நான் யாரு?" என்றார்.

டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, அம்மா சொல்லிக் கேட்கவில்லை, நான் இரண்டு நாள் பேசாமலிருந்து பார்த்தேன், அதை அவர் கவனிக்கவே இல்லை. எரிச்சல் தாங்காமல் பங்குச் சாமியாரிடம் போனேன். நேர்ச்சையை மாற்றிக்கொடுக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தேன். அவர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்.

"பவுல்சாமி, உன் நேர்ச்சையை மாத்திட்டேன். பட்டினிக்குப் பதிலா, வழியில மணிக்கு ஒருதரம் சாப்பிடணும். சாப்பிடலைன்னா நேர்ச்சை முறிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் சாமியார் சொன்னால் அவருக்குச் சொன்னதுதான். நான்காம் தேதி விடியற்காலை வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம், வாழைப்பழம் எல்லாம் பையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அடையாறு பாலம் தாண்டி, கொட்டிவாக்கத்திலேயே வண்டியை நிறுத்தி முதல் உருண்டையைத் தின்றாராம். இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று கூடவே சைக்கிளில் வந்த பங்குக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். முறிந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

ஒன்பதாம் தேதி காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆறு இட்லி சாப்பிட்டு, மத்தியானம் வரை தூங்கினார். சாயங்காலம் ஏணியில் ஏறி வாசலில் சீரியல் பல்பு கட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை, கல்யாணப் புடவையை மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சுவரோடு சரிந்தாள். முகமெல்லாம் வேர்வை, கை ஜில்லென்றிருந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், புடவை கசங்கப்போகிறது என்றாள். துருவித் துருவிக் கேட்ட பிறகு விஷயம் வந்தது. அப்பா புறப்பட்ட நாளிலிருந்து பொழுது சாய்ந்து ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். அந்தக் கஞ்சியோடுதான் தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். மாதாவுக்கு நவநாள் மாதிரி ஒன்பது நாள் கணக்காம். என் கல்யாண விருந்தும் அதில் அடக்கம்.

"அவரு பட்டினி கெடந்தது என் உசுருக்கு. சாமியாரு அவரை விட்டுட்டாரு, சரி. மாதாவுக்குச் சேர வேண்டியதை யாரு குடுக்கிறது? நான்தானே?"

அப்பாவுக்கு வந்ததே கோபம். "சாப்பிடாம கெடந்து இப்படி விழுந்துக்கினு இருந்தா நாளைக்கு மக பக்கத்துல யாரு நிக்கிறது, ஆலிஸ்?" என்றார். சாப்பிடாமல் கிடந்து விழாதே என்று ஏழு வருஷமாக அம்மா அவரிடம் சொன்ன அதே பேச்சு. கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். அம்மா பதிலுக்கு, ஆறு மணிக்குக் கஞ்சி குடித்துக்கொள்கிறேன், இப்போது ஆளை விடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ஹார்லிக்ஸ் டம்ளரை அவள் வாயருகே பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாருக்காக யார் பட்டினி கிடப்பது என்று நீங்கள் போட்டி போடுங்கள், எனக்கு நாளைக்கு இரண்டு பேரும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றேன். பிறகு தலையில் வைத்த எண்ணெயோடு, செருப்புக்கூடப் போடாமல் சாமியார் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மறுபடியும் உங்க அப்பாவா?"

"அப்பா நல்லாருக்காரு சாமி. நீங்க வந்து எங்க அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.