ஞானபாக்கியத்தின் சி-ஃபோர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. கம்பம் பேருந்தில் பக்கத்துப் பெண் மடியில் விரித்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாள். அதில் ஒரு வரி, ‘சி-ஃபோர்’. எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண். எண் மறந்துவிட்டது. பெயரும் மற்றதும் என் கற்பனை.

2

(முதல் தொடக்கம்: “ஏலத்தோட்டத்தின் மீது பனி மெல்ல இறங்கி...” வேண்டாம். அவள் பனியைப் பார்க்கிற நிலையில் இல்லை.)

ஞானபாக்கியம் கம்பத்திலிருந்து மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவள். மூன்று வருடத்துக்கு முன் கல் என்று பித்தப்பையை எடுத்தார்கள். அன்றிலிருந்து வயிற்றுப்போக்கு. காலை ஜீப்பில் பதினாலு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். மலைவளைவில் திடீரென்று, “ஒச்சாண்டி, நிறுத்துப்பா!” புதருக்குள் ஓடித் திரும்பும்போது ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பார்த்த இரண்டு டாக்டர்களும் பயம்தான் காரணம் என்றார்கள்.

“யக்கா, தெனமும் லேட்டாகுதுன்னு கங்காணி வேற ஆளக் கூட்டியாரச் சொல்றாக,” என்றான் ஓட்டுநர் ஒச்சாண்டி. “ஒரு மாசம் ஒங்க எடத்த வச்சிருக்கேன். ஒடம்பப் பாருங்க.”

3

தேனியில் டாக்டர் ஏஞ்சல் முழுக்கக் கேட்டார்.

“ஈரல் பித்த அமிலம் செய்யும்போது நடுவுல ஒரு பொருள் உண்டாகும்மா. சி-ஃபோர்னு பேரு. அது ரத்தத்துல கூடியிருந்தா, ஈரல் அமிலத்த அதிகமா செய்யுதுன்னு அர்த்தம். மிஞ்சின அமிலம் குடல்ல எறங்கித்தான் வயித்தால போகும். சாப்பிட்டா அளவு மாறிடும். காலையில வெறும் வயித்துல வாங்க.”

இங்கே அவளை டீ குடிக்கவைத்து, ‘குடிக்கல’ என்று பொய் சொல்லவைத்தேன். கதை சூடுபிடிக்கும் என்று நினைப்பு. அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

“மூணு வருசமா விடிஞ்சா வெறும் வயிறுதான் தாயி. ஜீப்பு ஏறணும்ல.”

டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

4

ரத்தம் ஏதோ பெருநகரத்துக்குப் போய், பத்து நாளில் முடிவு வந்தது.

“ரொம்பக் கூடுதலா இருக்கு. இது பயம் இல்லம்மா.”

“அப்ப நான் நடிக்கல?”

“நடிக்கிறீங்கன்னு யார் சொன்னா?”

“எல்லாருந்தான்,” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும் பொடி ஒன்றைக் கொடுத்தார்கள். தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். அதன்பிறகு அவளுக்கு ஒருபோதும் –

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை. ‘ஒருபோதும்’ என்று டாக்டர் சொல்லவில்லை. பெரும்பாலான நாட்கள் நன்றாக இருந்தன. இரண்டு நாள் இல்லை.

5

ஒச்சாண்டி தந்த மாதம் முடிந்த திங்கட்கிழமை. அடுப்படியில் நின்றபடி இரண்டு இட்லி தின்றாள். வாசலில் ஹாரன் அடித்தது.

“யக்கா, வாரீகளா?”

இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் ஜீப் எங்கும் நிற்காமல் மலையேறிவிடுகிறது. மற்றதில் நிற்கிறது, புதரிலிருந்து திரும்பியவள், பதினாலு பேரையும் நேராகப் பார்த்து, “ஈரலு அதிகமா வேலை பாக்குது. டாக்டர் தாள் இருக்கு, யாருக்கு வேணும்?” என்கிறாள்.

இரண்டிலும் அவள் ஜீப்பில் ஏறுகிறாள். அதுவரைதான் என் பொறுப்பு. வளைவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.