நாயோடு பேசுகிற மொழி

ஒலாட்ஸ் நாயோடு தன் தாய்மொழியான பாஸ்க்கில் பேசுவாள். ஆடுகளோடும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகாத டிராக்டரைக்கூட அதில்தான் திட்டுவாள். கட்டிய கணவனிடம் மட்டும் ஸ்பானிஷ்.

ரமீரோவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்பெயினின் தெற்கேயிருந்து இந்தப் பாஸ்க் மலைநாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை அவன். தொலோசா ஊர்த் திருவிழாவில் முதன்முதலாக அவளிடம் ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தான், அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் பாஸ்க் கற்றுக்கொண்டான். ரொட்டிக் கடையில் பேசுகிறான், மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டே வம்பளக்கிறான். வீட்டில் வாயைத் திறந்தால் அவள் சிரித்துவிடுவாள்.

"நீ பேசினா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குடா. என் புருஷன் எங்கன்னு தேடுறேன்."

"பெல்ட்சாகிட்ட மட்டும் கொஞ்சுற?"

"அந்த நாய் என்னை ஸ்பானிஷ்ல காதலிக்கலியே!"

அவனும் சிரித்தான். ஆனால் அன்று பீன்ஸ் குழம்பைப் பாதியிலேயே தள்ளிவைத்தான். வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவைத்து, நாயை மட்டும் அவள் உள்ளே விடுவதுபோல் இருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை பெல்ட்சாவின் காலில் முள் ஏறிவிட்டது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஆடுகளைப் பட்டியில் அடைக்க, நாய்க்குப் பதிலாக ரமீரோ ஓடினான். கிழட்டு ஆடு ஒன்று திரும்ப, மந்தையே அதன் பின்னால் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியை நோக்கிப் பாய்ந்தது. ஓடிய வேகத்தில் அவன் சறுக்கி விழுந்து எழுந்தான்.

மேட்டிலிருந்து ஒலாட்ஸ் தன்னை மறந்து, நாயை ஏவுவதுபோலவே பாஸ்க்கில் கத்தினாள். "இடது பக்கம் போ! இடதுடா, மரமண்டை! கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்ன நிக்கிற? ஓடு! படு... ஐயோ, படுக்காத, மறி!"

"மறிச்சிட்டேன்! நீயும் கத்துறத விட்டுட்டு இறங்கி வாயேன், மகாராணி!" அவனும் பாஸ்க்கிலேயே கத்தினான்.

ஆடுகள் உள்ளே போயின. அவன் படலைச் சாத்தினான். மூச்சிரைக்க இறங்கி வந்த ஒலாட்ஸ், சேறும் ரத்தமுமாயிருந்த அவன் முழங்காலைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று ஸ்பானிஷில் கேட்ட பிறகுதான், சற்றுமுன் எந்த மொழியில் கத்தினோம் என்று உறைத்தது. காதுவரை சிவந்துபோனாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டேன்," என்றான் அவன், பாஸ்க்கில்.

மழைத்துளி விழத் தொடங்கியது. அவள் குனிந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் முழங்காலைச் சுற்றி இறுக்கினாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், புது ஆளிடம் பேசுவதுபோல் கூச்சத்தோடு பாஸ்க்கில் சொன்னாள்:

"ஆடாம நில்லு, மடையா."