ஒன்பது தடிமனில் ஒரு பெயர்

எங்கள் ஊர் அல்மாத்தியின் பெரிய வங்கி ஒன்றுக்குத் திடீரென்று தன் எழுத்துகள்மேல் வெறுப்பு வந்தது. முனைகளில் சின்னச் சின்னப் பாதங்கள் இருந்தனவாம். பாதம் இருந்தால் பழைய காலமாம். வெட்டிவிட்டாற்போல் மொட்டையான புதிய எழுத்துரு வேண்டும் என்றார்கள். வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. வரைந்தவள் தோர்கின். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி பார்த்தவன் நான்.

கஸாக் மொழிக்கே உரிய ஒன்பது எழுத்துகளை எல்லாரும் கடைசியில்தான் வரைவார்கள். ரஷ்ய எழுத்தில் ஒரு வாலை ஒட்டினால் முடிந்தது. தோர்கின் அவற்றிலிருந்துதான் தொடங்கினாள். பதினான்கு மாதம் ஆயிற்று. மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது தடிமன்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எழுத்துருவுக்குப் பெயர் நான் வைப்பேன். முதலாளி செரிக்போல் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சரி என்றார்.

அவள் வைக்க நினைத்த பெயர் எல்ஜாஸ். ராணுவ சேவைக்குப் போன இடத்தில் பத்தொன்பது வயதில் செத்துப்போன தம்பி. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். "வீட்டுல சொல்ல முடியாது. பேங்க்ல நாலாயிரம் கம்ப்யூட்டர்ல இருக்கட்டுமே" என்றாள் என்னிடம்.

வெளியீட்டு விழாவில் வட்ட எழுத்தொன்றை ஆள் உயரத்துக்குச் செய்து நிறுத்தியிருந்தார்கள். அது நாடோடிக் கூடாரத்தின் உச்சி வளையம், புல்வெளியின் மூச்சு என்றெல்லாம் நூற்றுப்பன்னிரண்டு பக்கக் கையேடு சொன்னது. வட்டம் வட்டமாக இருந்தது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. வங்கித் தலைவர் பெக்போலாத்துக்குச் சரிகை அங்கி போர்த்தினார்கள். பழைய எழுத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டார். தலைநகரிலிருந்து வந்த விளம்பர ஆலோசகர் கண்ணிமைக்காமல் சொன்னார்:

"பழசு பேசிச்சு, அகா. இது கேக்குது."

கைத்தட்டல். அந்தச் சூட்டிலேயே, இந்த எழுத்துக்கு 'பெக்போலாத்' என்று பெயர் சூட்டுகிறோம் என்று செரிக்போல் அறிவித்தார். தலைவருக்கு அந்த வாரம் அறுபது வயது நிறைந்தது. தோர்கின் தட்டிலிருந்த குதிரை இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பெக்போலாத்தைக் கைது செய்தார்கள். காலை ஒன்பதுக்குச் செய்தி. ஒன்பதேகாலுக்கு வங்கியிலிருந்து தொலைபேசி. மதியத்துக்குள் எழுத்துருவில் அவர் பெயர் இருக்கக் கூடாது. செரிக்போலின் நெற்றியெல்லாம் வியர்வை.

"நீ ஏதோ பேரு சொன்னியேம்மா, அதையே போட்டுத் தொலை. யாரு பாக்கப்போறா?"

எழுத்துருவுக்குள் பெயர் பல இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்றை விட்டாலும் ஏதாவது ஒரு கணினியில் பழைய பெயர் எட்டிப்பார்க்கும். ஒன்பது தடிமன்களிலும் ஒன்றுவிடாமல் தோர்கின் மாற்றினாள். அவசர வேலையை அவ்வளவு நிதானமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் வேலையே இல்லாமல் வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்றாளாம். உள்ளே ஓர் எழுத்தர் அறிவிப்பு தயாரித்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாளாம், "எல்ஜாஸைப் போடுடி, தூரத்துலேருந்தும் தெரியும்." ஏழு வருடத்தில் வேறொருவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டது அதுதான் முதல்முறை என்றாள்.

அந்தப் பெயர் ஆறு வாரம் நீடித்தது. புதிய தலைவர் வந்தார். அதே ஆலோசகர் அவரிடம், மக்கள் இப்போது வேர்களைத் தேடுகிறார்கள், எழுத்துக்குப் பாதம் வேண்டும் என்று விளக்கினார். வங்கியிலிருந்து சுற்றறிக்கை வந்தது: 'எல்ஜாஸ் அனைத்துக் கணினிகளிலிருந்தும் வெள்ளிக்கிழமைக்குள் முற்றிலும் அகற்றப்பட வேண்டும். பிரதி எதுவும் வைத்திருத்தல் கூடாது.' ஒப்பந்தப்படி எழுத்துரு வங்கியின் சொத்து. எங்களிடமும் இருக்கக் கூடாது.

தோர்கின் செரிக்போலிடம் போய், பெயரை மட்டுமாவது வேறொரு எழுத்துருவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பெயரையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். அவள் நகராததால், "பேருதானேம்மா, ஊர்ல எத்தனை எல்ஜாஸ் இருக்கான்" என்றும் சொன்னார். அவர் கெட்டவரில்லை, அந்த எல்ஜாஸ் யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உறுதிப்பத்திரம் வந்தது. 'எல்ஜாஸ் எங்களிடம் எந்த வடிவிலும் இல்லை என்று உறுதி கூறுகிறோம்.' இரண்டு கையெழுத்து வேண்டும். தோர்கின் வரியை இரண்டு முறை படித்தாள். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள், திங்கள்கிழமையும் வரவில்லை.

அவளுக்குப் பதிலாகச் செரிக்போலே கையெழுத்திட்டார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.