முப்பத்தேழு முகவரிகள்

சிமியூ தன் கோடு போட்ட நோட்டை என் மேஜையில் விரித்து வைத்தபோது, அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும் என்று காலையிலேயே அறிவிப்பு வந்திருந்தது. நோட்டில் முப்பத்தேழு மின்னஞ்சல் முகவரிகள், பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அத்தனையும் அவன் நடந்தே சேர்த்தவை. திகா நகரில் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வாசலிலும் காவலாளியோடு அரைமணி நேரம் கால்பந்து பேசி, அவர் மனம் இளகியதும் வேலைக்கு எடுக்கிறவரின் முகவரியைக் கேட்டு வாங்குவான். நான்கு மாதம் இப்படி அலைந்ததில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்து போனது.

நான் கெமுன்டோ. அப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சைபர் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமியூவும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே வருடம் உணவுப் பதப்படுத்தல் படித்தவர்கள். எனக்கும் வேலை கிடைக்கவில்லை என்பதை ஊரே மறந்திருந்தது. வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான்தான் என்பதால், எனக்கு ஏதோ நல்ல இடம் அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். என்ன தலைப்பு போடுவது, யாரை எப்படி விளிப்பது, எங்கே நன்றி சொல்வது எல்லாம் எனக்கு அத்துப்படி. 'ஹாய்' என்று தொடங்கிய எத்தனையோ கடிதங்களைத் திருத்தி மனிதர் முன் வைக்கத் தக்கதாக ஆக்கியிருக்கிறேன். அனுப்பும் பொத்தானை மட்டும் யாரும் தாங்களாக அழுத்த மாட்டார்கள். என் கை ராசியான கை என்று ஒரு பேச்சு.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புடி," என்றான் சிமியூ. "மேல அவங்கவங்க கம்பெனி பேரைப் போடு. சரியா?"

"சரி சரி, போய் டீ குடிச்சிட்டு வா. தலைமேல நிக்காதே."

அவன் போனான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வரிசையைப் பார்த்தேன். முப்பத்தேழு தடவை அதே கடிதமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் ஒரே மூச்சாகத் தட்டி, 'ஐயா / அம்மையீர்' என்று பொதுவாக விளித்து அழுத்திவிட்டேன். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் மறைத்து அனுப்ப வேறொரு கட்டம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாதா? நான்தான் ஊருக்கே அதைச் சொல்லிக் கொடுக்கிறவள். அன்று அலட்சியம், அவ்வளவுதான். வேறு எந்தக் காரணத்தையும் இத்தனை நாள் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தேயிலைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் அங்கே ஆள் எடுக்கும் மேலாளர் மிஸ்டர் கதேரு. சிமியூவுக்கு மட்டுமில்லை, முப்பத்தேழு பேருக்குமாகச் சேர்த்து எழுதியிருந்தார். 'அன்புள்ள மிஸ்டர் சிமியூ, ஒரே காதல் கடிதத்தை முப்பத்தேழு பெண்களுக்கு, அத்தனை பேர் பெயரையும் மேலே எழுதி அனுப்புகிறவனை எந்தப் பெண் கட்டிக்கொள்வாள்? எங்களை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, வலை வீசியிருக்கிறீர்கள். அடுத்த முறை தூண்டிலோடு வாருங்கள்.' அந்த முப்பத்தேழு பேரில் யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வெளியே விட்டார். சாயங்காலத்துக்குள் வேலை தேடுகிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்று பாக்கியில்லாமல் அது சுற்றியது. கீழே சிரிக்கும் முகங்கள். 'முப்பத்தேழு பொண்டாட்டிக்காரன்' என்று அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் சொந்தமாக ஒரு தலைப்பு எழுதத் தெரியாதவர்கள்.

மறுநாள் கடை திறக்கும்போதே சிமியூ வாசலில் நின்றிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்தான். ஏதோ விசாரணைக்கு வந்தவன் மாதிரி.

"எங்கம்மா வரைக்கும் போயிடுச்சு," என்றான். "ஊர்ல, புங்கோமா சர்ச்சுல யாரோ காட்டியிருக்காங்க. 'எத்தனை பொண்ணுக்குடா எழுதின'ன்னு அம்மா அழுவுது. வேலைக்குத்தாம்மா எழுதினேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டேன்.

"கெமுன்டோ, நான் தனித்தனியா அனுப்பச் சொன்னேன்ல?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பின்னால் கடை முதலாளி வந்து நின்றிருந்தார். கடையின் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"நீ சொல்லலையேடா," என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சொல்லலையா? சொல்லியிருக்கணும். டீ குடிக்கிற அவசரத்துல விட்டுட்டேன் போல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவன் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனான். அதன் பிறகு இரண்டு மாதம் அவனுக்குக் கடிதம் எழுதும் முறையெல்லாம் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை. அவன் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மிஸ்டர் கதேருவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அவருக்கு மட்டும். 'ஐயா, தங்கள் பதிலைக் குழுக்களில் படித்தேன். எங்கள் தலைமுறைக்கு நாகரிகம் கற்றுத்தர இப்படி நேரம் ஒதுக்குபவர்கள் அரிது' என்று தொடங்கி, நான்கு பத்திகள். படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. இருந்தும் அனுப்பினேன். பத்து நாளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பையனைத் தெரியுமா உனக்கு? நீயும் திகாதானே," என்று கேட்டார் கதேரு.

"தெரியாது சார்."

வேலை என்ன தெரியுமா? வரும் விண்ணப்பங்களைச் சலிப்பது. வெறும் இணைப்பு மட்டும் அனுப்பியவர்கள், தலைப்பில்லாதவர்கள், 'அழகன்254' என்று முகவரி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரு பக்கம் தள்ள வேண்டும். சைபரில் திருத்திக் கொடுத்த தவறுகளையே இங்கே உட்கார்ந்து தண்டித்தேன். சிமியூவிடம் பக்கத்து ஊரான ருயிருவில் மாமா கடையில் கணக்கு பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

ஆறாவது மாதம், என் வேலை நிரந்தரமாகும் வாரத்தில், அவன் கடிதம் வந்தது. தலைப்பில் பதவியின் பெயரும் விளம்பர எண்ணும் இருந்தன. விளிப்பில் கதேருவின் முழுப்பெயர். முதல் பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டான். 'முன்பு நான் அனுப்பிய கடிதத்தில் நடந்த தவறு முழுக்க என்னுடையது. தங்கள் கண்டிப்பினால் கற்றுக்கொண்டேன்.' ஒரு கால்புள்ளிகூடப் பிசகவில்லை. சலித்து மேலே நின்ற நான்கு விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. அச்செடுத்துக் கதேருவிடம் கொண்டுபோனேன்.

"அந்தப் பையன்தானே இது?" என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆமா சார். கடிதம் நல்லா இருக்கு. மார்க்கும் நல்ல மார்க்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரே பாத்து சிரிச்ச ஆளைக் கொண்டாந்து வெச்சா நம்மளையும் பாத்து சிரிப்பாங்கம்மா. தப்பு அவன் பண்ணாம வேற யாராவது பண்ணியிருந்தா அது வேற பேச்சு."

என் வாய்க்குள் நாக்கு இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் அடுத்த தாளை எடுக்கும்வரை நின்றேன். வெள்ளிக்கிழமை என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்த நினைப்பு என் வாயை அடைத்துவிட்டது. என்னைப் பற்றி இதற்கு மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"மரியாதையா மறுத்து எழுதிடு," என்றார். "கீழ உன் பேர், பதவி, ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கணும். பேர் போடாத கடுதாசியை நான் கடுதாசின்னே ஒத்துக்க மாட்டேன்."

எழுதினேன். வருந்துகிறோம் என்றேன், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றேன், எதிர்காலம் சிறக்க வாழ்த்தினேன். கீழே கெமுன்டோ ஓங்கேரி என்று அடித்து, அவன் மனப்பாடமாக வைத்திருக்கும் என் எண்ணையும் அடித்தேன். அனுப்பிவிட்டு ஃபோனை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். 'அடிப்பாவி' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அன்று சோறு இறங்கியிருக்கும்.

ஃபோன் அடிக்கவே இல்லை. பதினோரு நிமிடத்தில் கம்பெனி முகவரிக்கே பதில் வந்தது.

'அன்புள்ள மேடம் ஓங்கேரி, என் விண்ணப்பத்தைப் படிக்கத் தாங்கள் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. தங்கள் முடிவை மதிக்கிறேன். தங்கள் பதவியில் தாங்கள் மேன்மேலும் உயர வாழ்த்துகிறேன். தங்கள் உண்மையுள்ள, பீட்டர் சிமியூ.'

நான்கைந்து தடவை படித்தேன். இதற்குமுன் அவன் என்னை மேடம் என்று சொன்னதே இல்லை. எங்காவது ஒரு குத்தல் இருக்கும் என்று வரிவரியாகத் தேடினேன், தினமும் சலிக்கிற பழக்கத்தில். ஒன்றும் அகப்படவில்லை.

பின்னால் வந்து நின்ற கதேருவும் படித்தார். மறுக்கப்பட்டவன் நன்றி சொல்வது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"பாத்தியா? இதுதான் பண்பு. இதை அச்செடுத்து வரவேற்பறைப் பலகைல மாட்டு. வர்ற பசங்க பாத்துக் கத்துக்கட்டும்."

"பேரை மறைச்சிடவா சார்?"

"எதுக்கு? நல்ல விஷயம்தானே. அவன் பேரும் இருக்கட்டும், உன் பேரும் இருக்கட்டும்."

வரவேற்பறையில் நேர்காணலுக்கு வந்த ஆறு பேர் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் ஒன்றாக எழுந்து "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி, தாளை நேராகப் பிடித்து, நான்கு மூலைகளிலும் ஊசி குத்தினேன். நகர்ந்ததும் ஒரு பெண் கிட்டே வந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து, அதை முதல் வரியிலிருந்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.