ஹாலிலிருந்த சின்ன பிளக் பாயிண்ட்

"எங்க வூட்ல உனக்கு இன்னா வேணும், சொல்லு. நீ வர்றதுக்குள்ள செஞ்சு வெச்சிடறேன்."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணுமேவா? கண்ணாடி வெச்ச பீரோ, அந்த மாதிரி எதுனா?"

"இருக்கறது போதும் மச்சான். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

நிக்காஹ்வுக்கு முந்தைய வாரம் போனில் நடந்த பேச்சு அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபாயிசாவின் உம்மா, மகள் சரியாகப் பதில் சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். போகிற வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்பது அவர் சொல்லிக் கொடுத்த பாடம். ஃபாயிசாவும் ஒப்பித்துவிட்டாள்.

அதை மாப்பிள்ளை உமர் அப்படியே நம்பியதுதான் வினையாகப் போயிற்று. நம்பியதோடு விடவில்லை, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். மாமியார் பஷீரா அதற்கும் ஒரு படி மேலே. இரும்புலியூரில் அந்தத் தெருவுக்கே தெரியும், பஷீராவின் மருமகள் இதுவரை ஒரு ஹேர்பின் கூடக் கேட்டதில்லை என்று. இவ்வளவு பெயர் வாங்கிய பிறகு எப்படிப் போய் ஒரு பிளக் பாயிண்ட் கேட்பது?

ஆம், அவளுக்கு வேண்டியது ஒரு பிளக் பாயிண்ட்தான்.

கல்லூரித் தோழிகள் கல்யாணப் பரிசாகக் கொடுத்த ஓவனில் கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். ஓவனின் பிளக்கில் இருந்தவை தடித்த பின்கள். அதற்கேற்ற பெரிய பாயிண்ட் சமையலறையில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஃபிரிட்ஜுக்கு. ஹாலில் இருந்தவையெல்லாம் சின்ன ஓட்டைகள். கேம்ப் ரோடு கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கன்வர்ட்டர் வாங்கினாள். பெரிய பின்னை அதில் செருகி, அதைச் சின்ன பாயிண்ட்டில் செருகிவிடலாம். "எதுக்கும்மா இது?" என்று கடைக்காரர் கேட்டபோது, "மிக்ஸிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கேக் நன்றாகவே வந்தது. ஆர்டர்களும் வந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் கன்வர்ட்டர் சூடானது. ஓவன் என்றால் சூடாகத்தானே செய்யும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். சுவிட்ச் போர்டில் காபி நிறத்தில் ஒரு வளையம் தெரிய ஆரம்பித்ததும், மாதக் காலண்டரைக் கொஞ்சம் தள்ளி மாட்டி மறைத்தாள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து இன்னும் ஒரு பெருநாள் கூடக் கழியவில்லை. தனி லைன் இழுக்க வேண்டுமென்றால் அந்தச் சுவரைக் கொத்த வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு சாராள் டீச்சரின் திருமண நாளுக்கான கேக் ஓவனில் இருந்தது. ஹால் முழுக்க வெனிலா வாசனை. அதனூடே இன்னொரு வாடையும் வந்தது.

"ஏம்மா, கேக்ல இன்னா போட்டிருக்க? செருப்பு எரியற மாதிரி கீது" என்றார் பஷீரா.

ஃபாயிசா பிளக்கைப் பிடுங்க ஓடினாள்.

"தொடாத" என்றான் உமர். சத்தம் போடவில்லை, ஆனால் அந்தக் குரலில் அவள் நின்றுவிட்டாள். அவன் வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து ஹாலுக்கான ட்ரிப்பர் சுவிட்சைக் கீழே இறக்கினான். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கன்வர்ட்டரில் கை வைத்தான். அது உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான்.

"மாமி, கேக் பாதியில கீது" என்றாள் ஃபாயிசா.

"ஃபிரிட்ஜ் பாயிண்ட்ல மாட்டு. அரை மணி நேரம் ஃபிரிட்ஜ் நின்னா உள்ள இருக்கற மீன் ஒண்ணும் நீந்திப் போயிடாது" என்றான் உமர். அவனே ஓவனைத் தூக்கிப் போய்ச் சமையலறை மேடையில் வைத்தான். கேக்கின் ஒரு ஓரம் லேசாக அமுங்கியிருந்தது. க்ரீம் அதை மூடிக்கொள்ளும்.

பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து கன்வர்ட்டரைத் திருப்பிக் காட்டினான். திருமுடிவாக்கத்தில் கம்பெனிகளுக்கு மின்சாரப் பேனல் செய்யும் யூனிட்டில் அவன் சூப்பர்வைசர்.

"இந்தச் சின்ன பாயிண்ட் ஆறு ஆம்பியர்தான் தாங்கும். உன் ஓவன் ஒம்பது இழுக்குது. செவுத்துக்குள்ள போற வயரும் மெல்லிசு. பெரிய பின் உள்ள போவலன்னா, அது வேணாம்னு சொல்லுது. நீ இத நடுவுல வெச்சு அது வாய மூடிட்ட."

"இவ்ளோ நாள் ஓடிச்சே மச்சான்."

"ஓடும். சூடாயி சூடாயி ஓடும். பிளக் கைக்கு வெதுவெதுன்னு பட்டாலே நிறுத்திடணும்." மேலே இருந்த தடித்த பின்னை நகத்தால் தட்டினான். "இது எர்த் பின். நீளமா இருக்கறதால இதான் மொதல்ல உள்ள போவும், கடைசியா வெளிய வரும். ஓவன் தகரத்துல கரண்ட் கசிஞ்சா இது வழியா மண்ணுக்குப் போயிடணும். இந்தக் கன்வர்ட்டர்ல இது வெறும் பிளாஸ்டிக். கசிஞ்சிருந்தா..."

அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஊர்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் பேனல் பண்றேன். என் வூட்டு காலண்டருக்குப் பின்னாடி பாக்கல. ஏன் ஃபாயிசா சொல்லல?"

அவள் பதில் சொல்வதற்குள் பஷீரா பேசிவிட்டார். "போனது போவட்டும். அந்த ஓவன மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டா பேஜார் இல்ல. இவ ஒண்ணும் வருத்தப்பட மாட்டா. எம் மருமவ எதையும் கேக்கறவளா?"

சமையலறையிலிருந்து வாசனை வந்தது. இந்த முறை வெனிலா மட்டும். படிக்கட்டுக்குக் கீழே காலி தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த மூலையை ஃபாயிசா பார்த்தாள். அந்த இடத்தை அவள் துப்பட்டாவால் எத்தனையோ முறை அளந்திருக்கிறாள். இன்று பேசாவிட்டால் ஓவன் பரணுக்குப் போய்விடும். அப்புறம் இறங்காது.

"கேக்கறேன் மாமி" என்றாள்.

பஷீரா திரும்பிப் பார்த்தார். உமர் கையை விடவில்லை.

"படிக்கட்டுக்குக் கீழ எனக்கு ஒரு பெரிய பிளக் பாயிண்ட் வேணும் மச்சான். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி ட்ரிப்பர், ஒழுங்கான எர்த்தோட. பக்கத்துல ஒரு கல்லு மேடை. பெயின்ட் போனா போவட்டும். அந்த இடம் எனக்கு வேணும்."