போனில் நிக்கோல்

ஓஸ்வால்ட் போனில் "வேணாம்" என்று சொன்னதை நிக்கோல் கண்ணால் பார்த்தாள். ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் செவிகளை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, அந்த வீட்டுப் பேச்செல்லாம் அவளுக்கு உதடுகளில்தான் நடந்தது. அண்ணனின் உதடுகள் நன்றாகப் பழகியவை. பாப்பாவும் மாமாவும் அவற்றில் ஒன்றுபோலவே இருக்கும், இடம் பார்த்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். 'வேணாம்' அப்படியில்லை. கீழுதடு பல்லில் பட்டுத் தொடங்கி, இரண்டு உதடும் ஒட்டி முடியும். அவள் ஹாலின் மூலையில் நின்று அவனுடைய பேண்டு வாத்தியக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம். விவேக் நகரிலிருந்து ஆஸ்டின் டவுன் வரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவன் டிரம்பெட் வாசிப்பான். "அவளுக்கு இஷ்டமில்ல" என்பது அடுத்து வந்தது. அதைச் சொல்லும்போதே அவன் கண் ஒரு தடவை இவள் பக்கம் வந்தது. உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குமேல் அவளுக்குக் கிடைத்தது அவனுடைய பிடரி மட்டும்தான்.

அவன் ரிசீவரை வைத்ததும், "யாரு?" என்று கேட்டாள். அவள் குரல் வெளியாட்களுக்குப் பிடிபடாது. வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

"ராங் நம்பர்."

ராங் நம்பரிடம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதில்லை. கோட்டை மடித்து வைத்துவிட்டு நிக்கோல் சமையலறைக்குப் போனாள். அண்ணி பியாட்ரிஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிக்கோல் வாசலை அடைத்து நின்றதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பியாட்ரிஸுக்குப் பொய் வராது. அதற்காகவே ஓஸ்வால்ட் அவளிடம் பல விஷயங்களைச் சொல்லமாட்டான். ஆனால் இது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"டேரிலோட அம்மா" என்றாள், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து. "உன்ன பொண்ணு கேட்டாங்க. ரெண்டாவது வாட்டி."

டேரில் காது கேளாதோர் பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். இப்போது ஷார்ஜாவில் ஒரு அச்சகத்தில் இருக்கிறான். ஜனவரியில் குழந்தை இயேசு கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான். ஒலிபெருக்கி அலறியது, ஜனம் ஒருவர் காதருகே ஒருவர் குனிந்து கத்திக்கொண்டிருந்தது. இவர்கள் இருவரும் மட்டும் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெழுகுவர்த்திக் கடைகளின் ஓரமாக நின்றுகொண்டு, நடுவில் போகிற தலைகளுக்கு மேலே கையை உயர்த்தி, சைகையில் சிரமமே இல்லாமல் பேசினார்கள். அவளுக்கு நினைவு தெரிந்து அவ்வளவு நேரம் அவள் யாரோடும் பேசியதில்லை. கிளம்பும்போது தன் ஈமெயில் முகவரியை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டுப் போனான்.

அதற்காக அவள் கல்யாணக் கனவில் மிதந்துகொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. டேரில் கொஞ்சம் முன்கோபி. பள்ளியில் ஒரு தடவை கேரம் போர்டைத் தூக்கி எறிந்தவன். ஷார்ஜா எப்படியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அன்றிரவு படுத்தபடி யோசித்துப் பார்த்தாள். பதில் வரவில்லை. பதில் வராததைவிட, தன்னிடம் அந்தக் கேள்வியே வராததுதான் அவளைத் தூங்கவிடவில்லை. போன் இந்த வீட்டுக்கு வந்து ஏழெட்டு வருடமாகிறது. அவளைப் பற்றிய பேச்சு எத்தனை தடவை அதில் போய்வந்திருக்குமோ. அவள் பார்த்ததெல்லாம் இந்த முனையில் இருந்த பாதிப் பேச்சுத்தான். அதுவும் அண்ணன் திரும்பிக்கொள்ளாத நேரங்களில்.

அவள் வேலை செய்யும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செட்டிங் அவள் பொறுப்பு. புது மெஷின்கள் வந்தபோது முதலாளி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவளுக்கே கொடுத்திருந்தார். அது அவள் அறையில், மிச்ச வேலை முடிக்க உதவிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பிரவுசிங் சென்டர் இல்லாமலில்லை. அங்கே ஒரு தடவை போனாள். நேரம் முடிந்தது என்று கடைக்காரன் கத்தியது அவளுக்குக் கேட்காமல், அவன் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். பின்னால் காத்திருந்தவர்கள் அவள் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டேரிலுக்கு இரண்டே வரி அனுப்பிவிட்டு எழுந்துவந்தாள்: வெள்ளிக்கிழமை மத்தியானம் சாட்டுக்கு வா. நான் வீட்டிலிருந்து பேசுகிறேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனாள். போன் லைனில் இன்டர்நெட்டை இணைக்க மோடம் வேண்டும். கடைக்காரர் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பொருத்துகிற ஒன்றை எடுத்துக் காட்டினார். சத்தம் வரும், அதை வைத்தே கனெக்ட் ஆகிறதா என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். நிக்கோல் தன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டிவிட்டு, மேல்தட்டில் தூசியோடு இருந்த, முகப்பில் வரிசையாக விளக்கு வைத்த பெட்டியைச் சுட்டினாள். அது பழசு, வெளியே தனியாக வைக்கிறது, வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் விரலை இறக்கவில்லை. அவர் ஸ்டூலைத் தேடி எடுத்து ஏறும்வரை அந்த விரல் அங்கேயே நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஹாலிலிருந்து தன் அறைவரை வயரை அவளே இழுத்தாள். கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோய், கிளிப் வைத்து ஒவ்வொன்றாக ஆணி அடித்தாள். சுத்தியல் சத்தத்துக்கு ஓஸ்வால்ட் எழுந்துவந்து கீழே நின்று பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து பேசினான்.

"என்னாத்துக்கு இது? அச்சகத்து வேலையா?"

"இன்டர்நெட்."

"போனு என் பொழப்பு நிக்கி. சாவு வீட்டுக்காரன் கூப்புடும்போது எங்கேஜ்னு வந்தா, வெயிட் பண்ணுவானா? அடுத்த பேண்டுக்குப் பூடுவான்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்" என்றாள். பிறகு அடுத்த ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வாயில் ஆணி இருக்கும்போது அவள் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் விடுமுறை; இவள் அரைநாள் லீவு போட்டு வந்தாள். கடையில் வாங்கிய இன்டர்நெட் சிடியைப் போட்டாள், அதோடு வந்த கார்டைச் சுரண்டி பாஸ்வேர்டைத் தட்டினாள், டயல் பொத்தானை அமுக்கினாள். மோடத்தில் ஒரு விளக்கு எரிந்து அணைந்தது. டயல் டோன் இல்லை என்றது திரை. இன்னொரு தடவை. அதே பதில். வயரைப் பிடுங்கிச் சொருகினாள். ஹாலில் அண்ணியைக் கூப்பிட்டு ரிசீவரைக் காதில் வைக்கச் சொன்னாள்.

"இருக்குதே" என்றாள் பியாட்ரிஸ். "விர்ருனு நல்லாத்தான் இருக்குது."

"கம்ப்யூட்டருக்கும் காது கேக்கல."

பியாட்ரிஸ் சிரித்துவிட்டாள். நிக்கோல் சிரிக்கவில்லை. உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். பத்திரிகை வேலையில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. கடைசியில் ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது: டோன் கேட்டபிறகு டயல் செய்யவும். அதில் இருந்த டிக்கை எடுத்தாள். கேட்காமலே டயல் செய்யட்டும்.

விளக்குகள் துடித்தன. பின்னால் வந்து நின்ற பியாட்ரிஸ் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சத்தம்?" என்று நிக்கோல் கேட்டாள்.

"கத்துது." பியாட்ரிஸ் சொல்லைத் தேடினாள். "கொதிக்கிற எண்ணெயில தண்ணி பட்டாப்ல. இல்ல... இரு... இப்போ நின்னுடிச்சி."

பாஸ்வேர்டு தவறு என்று திரும்பி வந்தது. கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒன்று என்று நினைத்தது ஆங்கிலச் சின்ன எல் என்று தெரிந்தது. மாற்றினாள். மறுபடி துடிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்த விளக்குகளில் ஒன்று, இதுவரை எரியாதது, ஆடாமல் நின்றது. திரையில் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் முளைத்தன. நிக்கோல் மூச்சை விட்டாள். சாட் ஜன்னல் பாதி திறந்தது. அந்த நேரத்தில் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தது.

அவள் எழுந்து ஹாலுக்கு வந்தாள். கல்பள்ளிக் கல்லறையில் ஒரு அடக்கம் முடித்து வந்த ஓஸ்வால்ட், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அதை எடுத்ததில்தான் லைன் அறுந்திருந்தது.

"வை" என்றாள்.

"ஆண்ட்ரூவுக்கு ஒரு போன் போடணும். நாளைக்கி டிரம்முக்கு ஆளில்ல."

"நான் பேசினு இருந்தேன்."

"நீயா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அந்தச் சொல் உறைத்தது போலிருந்தது. நிக்கோல் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பப் போனபோது, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"டேரில் அம்மாகிட்ட வேணாம்னு சொன்ன. எனக்கு இஷ்டமில்லன்னு சொன்ன. நான் பார்த்தேன்."

ஓஸ்வால்ட் பியாட்ரிஸைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவன் ரிசீவரை மார்போடு வைத்துக்கொண்டான். பிறகு பேசியபோது, சின்ன வயதில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில் செய்ததுபோல, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அவள் படிக்கும்படி பேசினான்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்காது நிக்கி. தெரியாத ஊரு. ராத்திரி எவனாச்சும் கதவ ஒடச்சா யாருக்குக் கேக்கும்? கொழந்த பொறந்து அழுதா யாருக்குக் கேக்கும்? நான் அங்க வந்து நிக்க முடியுமா?"

அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. அது கல்லறைத் தூசியாகவும் இருக்கலாம். அவளுக்குள் ஏதோ ஒன்று இளகப் பார்த்தது. அதை இளகவிட்டால் இன்னொரு ஏழெட்டு வருடம் போய்விடும்.

"எனக்குத்தான் காது கேக்காது" என்றாள். "உனக்கு நல்லாக் கேக்குமே. நீ ஏன் என்னைக் கேக்கல?"

அவன் கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினான்.

"நான்கூட வேணாம்னு சொல்லியிருப்பேன். தெரியாது. ஆனா நான் சொல்லணும்."

அவன் கையில் இருந்த ரிசீவரை அவள் பிடுங்கவில்லை. அறைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தே வைத்தாள். அவன் ரிசீவரை வைத்தானா இல்லையா என்று பார்க்காமலே டயலை அமுக்கினாள். விளக்குகள் துடித்தன, தயங்கின, பிறகு நின்றன. சாட் ஜன்னல் முழுதாகத் திறந்தது. டேரில் ஏற்கெனவே அங்கே இருந்தான். பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிவைத்திருந்தான்: வந்துட்டியா? எங்கே? வெயிட் பண்றேன்.

வந்துவிட்டேன் என்று எழுதினாள். பிறகு வந்தது: உனக்கு இஷ்டமில்லை என்று உன் அண்ணன் சொன்னாராம். நீ சொன்னாயா?

இல்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, நான் கேட்கிறேன், என்று வந்தது.

நிக்கோலின் விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன. கேட்பதற்கு அவளிடமும் நிறைய இருந்தது. அந்தக் கேரம் போர்டு, அந்த ஊரில் கதவுக்கு மணியடித்தால் விளக்கு எரிகிற ஏற்பாடு உண்டா, அவளுக்கு அங்கே வேலை கிடைக்குமா, திருவிழாவுக்கு வருடா வருடம் வர முடியுமா. எதை முதலில் கேட்பது என்று யோசித்து நிமிர்ந்தபோது, திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. ஓஸ்வால்ட் போன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். சிவப்புக் கோட்டோடு, ஒரு கையை ரிசீவரின் மேல் வைத்து. பக்கத்து வீட்டு அம்புஜம், மகனுக்குப் பேசுவதற்காக நம்பர் எழுதிய துண்டுச்சீட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. மற்றொரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். முகம் இந்தப் பக்கமாகவே இருந்ததால் அவன் சொன்னது நிக்கோலுக்கு எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"இப்போ முடியாதுங்க. போன்ல நிக்கோல் பேசினு இருக்கா."

அம்புஜம் அவனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், சுவர்மேல் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைத் தொடர்ந்து வந்து கடைசியில் அறைக்குள் இவளைப் பார்த்தாள். நிக்கோல் திரையின் பக்கம் திரும்பி, நாற்காலியை மேசையோடு ஒட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு, முதல் எழுத்தைத் தட்டினாள். மோடத்தில் ஒரு சின்ன விளக்கு துடித்தது.